தோழிக்குச் சொன்ன பதில்

கோச்கோர் என்ற மலையூரின் பள்ளியில் பனிச்சறுக்குக் கட்டைகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்துதான் மனநல ஆலோசகருக்குக் கொடுத்தார்கள். காலி செய்தார்கள் என்பதும் முழு உண்மையில்லை. கட்டைகள் மூலையில் சாய்ந்தபடியேதான் இருந்தன. குளிர்காலத்தில் விளையாட்டு ஆசிரியர் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, அழுதுகொண்டிருக்கும் குழந்தையைச் சுற்றிக்கொண்டு போய், வேண்டிய கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவார். அந்தக் கதவில் ஆலோசகர் பெகிமாய் வண்ணத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டியிருந்தாள்: ‘இங்கே எதையும் சொல்லலாம்.’

அரைச் சம்பள வேலை. மீதிப் பொழுதுக்குத் தலைமையாசிரியை ரைகான் ஒஸ்மோனவ்னா என்ன சொல்கிறாரோ அதுதான் வேலை.

“பிள்ளைங்க மனசை அப்புறம் பாத்துக்கலாம் பெகிமாய். மொதல்ல ரெண்டாங் கிளாஸ்ல போய்த் தலையைப் பாரு. பேன் வந்திருக்காம்.”

பெகிமாய் போய்ப் பார்ப்பாள். தலையைப் பார்க்கும் சாக்கில் மனசையும் பார்த்துவிட்டு வருவாள். தலையில் கை வைத்தால் குழந்தைகள் பேசும் என்பது அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேனுக்கு நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவளுக்குப் பிடித்த சோதனை, உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தை வரையச் சொல்வது. பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா மாஸ்கோவில் வீடு கூட்டுகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் சித்தி வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ வளர்கின்றன. ஒருமுறை ஊர்மாத் என்ற பையன் உடம்பு முழுக்கக் காது முளைத்த மிருகம் ஒன்றை வரைந்தான்.

“இதுக்கு எதுக்குடா இத்தனை காது?”

“ஃபோன்ல சரியா கேக்காதுல்ல, அக்கா.”

இந்த மாதிரிப் பதில்களுக்காகத்தான் அவள் அரைச் சம்பளத்தில் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: குழந்தைக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எல்லாம் குழந்தைக்குத் தெரியும். உங்கள் வாயால் சொல்வதற்காகத்தான் அது காத்திருக்கிறது. ஆகவே சொல்லிவிடுங்கள். மிகச் சரியான கருத்து. உலகத்துக் குழந்தைகள் எல்லோர் விஷயத்திலும் அவள் அதை நம்பினாள், ஒரே ஒரு குழந்தையைத் தவிர.

பெகிமாய் மூன்று பெற்றவள். ஊரில் இரண்டு என்றுதான் எண்ணுவார்கள்.

மூத்தது பெண். பெகிமாய் தலைநகர் பிஷ்கெக்கில் ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே கல்யாணமாகி, படிப்பு முடியுமுன் பிறந்தவள். தொட்டிலில் போடும் விருந்தன்று மாமியார் கலிபா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லோரும் கேட்க, “இது என்னோடது” என்றாள். யாரும் திடுக்கிடவில்லை. தலைப்பிள்ளை மாமனார் மாமியார் வீட்டுக்குப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். மாமனார் காலமாகிக் கலிபாவின் வீடு வெறிச்சென்று கிடந்த நேரம் வேறு. “நீ போய்ப் படிப்பை முடி, கண்ணு” என்றாள் கலிபா. அன்றைக்குப் பெகிமாய்க்கு ஏற்பட்டது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதி. விடுதிக்குத் திரும்பி, பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பரீட்சை எழுதினாள். கடைசி ஆண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, தாயைப் பிரிந்த குழந்தையின் மனநிலை. மிக நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பேராசிரியர் பாராட்டினார். இந்தப் பொருளில் உனக்கு ஏதோ ஒட்டுதல் இருக்கிறது என்றும் சொன்னார்.

குழந்தைக்கு ஜிபெக் என்று பெயர் வைத்தார்கள். கலிபாவை அம்மா என்றும், பெற்ற தகப்பன் எர்மெக்கை அண்ணன் என்றும், பெகிமாயை அண்ணி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். ஆக, பெகிமாய்க்கு அவள் நாத்தனார். புருஷன் வீட்டாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதையில்லை. செல்லப் பெயர் ஒன்று வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பெகிமாய் ‘கன்னக்குழி’ என்று வைத்தாள். பெற்ற மகளின் பெயரை அவள் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்க வேண்டி வந்தாலும் அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி, “வந்திருக்கா” என்று தானே சொல்லிக்கொள்வாள்.

ரகசியம் என்று யாரும் எதையும் பூட்டி வைக்கவில்லை. ஊருக்கே தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் உண்மையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு தெரு. ஜிபெக் பால் வாங்க வருவாள், பெகிமாயின் பையன்களோடு சண்டை போடுவாள், “அண்ணி, இவன் என் தலைமுடியை இழுக்கறான்” என்று புகார் சொல்வாள். “ஒன் அத்தைகிட்ட மரியாதையா இருடா” என்று பெகிமாய் பையனை அதட்டுவாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வரும். சிரிப்பு போன பிறகு வேறொன்று வரும்.

ஜிபெக் நாலாவது படித்த வருஷம். ஊர்மாத்தின் சித்தி, மாஸ்கோவில் இருக்கும் அவன் அம்மா வசந்தம் வந்தால் வந்துவிடுவாள் என்று இரண்டு வசந்தங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவோ அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். பெகிமாய் வீடு தேடிப் போனாள். சித்தி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“பையன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. அவனுக்கு எப்படியும் தெரியும். உங்க வாயால கேட்டாத்தான் அவனுக்கு ஆறும்.”

சித்தி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “நல்லாத்தான் சொல்றீங்க அக்கா. ஒண்ணு பண்ணுவோம். மொதல்ல நீங்க உங்க வீட்டுல சொல்லுங்க. எப்படிச் சொல்லணும்னு பாத்துட்டு வந்து நானும் சொல்றேன்.”

பெகிமாய் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை வந்த சித்திக்கே மனசு கேட்கவில்லை. “கோச்சுக்காதீங்க அக்கா, மாவு பிசையறப்ப எனக்கு வாய் நிக்காது” என்று ஒரு சூடான ரொட்டியைக் கையில் திணித்தாள். பெகிமாய் அதை வழியெல்லாம் பிய்த்துத் தின்றுகொண்டே நேராக மாமியார் வீட்டுக்குப் போனாள்.

கலிபா தேநீர் போடச் சொன்னாள். மருமகள்தான் ஊற்ற வேண்டும். பெகிமாய் மரியாதைக்குப் பாதிக் கிண்ணம் மட்டும் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். விஷயத்தைச் சொன்னாள்.

“சொல்லணுமா?” என்றாள் கலிபா. “எதுக்கு?”

“அவளுக்குத் தெரியறது நல்லது, அத்தை. படிப்புல அப்படித்தான்...”

“படிப்பைக் குடுத்தது யாரு? நான் பிள்ளையைத் தூக்கிட்டதாலதானே நீ படிச்ச?”

பெகிமாய் இன்னொரு பாதிக் கிண்ணம் ஊற்றினாள்.

“எர்மெக்கையும் என் மாமியார் எடுத்துக்கிட்டாங்க. தெரியுமில்ல ஒனக்கு? என் மொதப் பிள்ளை. என்னை அண்ணின்னுதான் கூப்பிட்டான், மீசை முளைக்கற வரைக்கும். அந்தம்மா போனப்புறம்தான் அம்மான்னான். வாய் வரல, பாவம், திக்கித் திக்கிச் சொன்னான். அவன் பின்னாடி ஏங்கின ஏக்கத்தையெல்லாம் இவளை வச்சுத்தான் தீத்துக்கிட்டேன். நான் கண்ணை மூடறவரைக்கும் பொறு. அப்புறம் நீ என்னமோ சொல்லிக்கோ. ஒன் பையன் கல்யாணத்துக்கு அப்புறம் ஒனக்கும் ஒண்ணு கிடைக்கும். யாரும் நஷ்டப்படப் போறதில்ல.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடுத்தவளின் பிள்ளையில் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கணக்கு.

“சரி அத்தை” என்றாள்.

“இன்னொண்ணு. ஆகஸ்ட்ல நாங்க பிஷ்கெக் போயிடறோம், சின்னவன் வீட்டுக்கு. இவ அஞ்சாவது அங்கதான் படிக்கப் போறா. நல்ல பள்ளிக்கூடமாம்.”

ஏப்ரலில் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு ஆலோசகர் அறையின் கதவு தட்டப்பட்டது. அந்தப் பள்ளியில் கதவைத் தட்டும் பழக்கம் யாருக்கும் கிடையாது என்பதால் பெகிமாய் திகைத்துத்தான் போனாள்.

“பெகிமாய் அக்கா, வரலாமா?”

ஜிபெக். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அறைக்கு அவள் அதற்குமுன் வந்ததில்லை. நாலாம் வகுப்பைச் சோதனைக்கு அழைக்கும் நாளில் பெகிமாய் ஏதாவது வேலை சொல்லி அவளை வேறெங்காவது அனுப்பிவிடுவது வழக்கம்.

மணல் மேசை முன் உட்கார்ந்தாள். ஏரிக்கரை மணல். குழந்தைகள் அதில் பொம்மைகளை நட்டு விளையாடும், விளையாடிக்கொண்டே பேசும். ஜிபெக் ஒரு பிளாஸ்டிக் ஆட்டை எடுத்துக் கழுத்து வரை புதைத்தாள்.

“இங்க எதையும் சொல்லலாம்னு கதவுல போட்டிருக்கு.”

“ஆமா.”

“எனக்கு ஒரு தோழி இருக்கா.”

எனக்கு ஒரு தோழி என்று தொடங்கும் குழந்தைக்குத் தோழி கிடையாது. இது முதலாண்டுப் பாடம். பெகிமாய்க்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. புரியாமல் போய்விட்டது என்று பிற்பாடு ஒருநாளும் அவளால் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியாதபடி விளங்கிவிட்டது.

“சொல்லு.”

“அவ அம்மான்னு கூப்பிடறவங்க அவளைப் பெத்தவங்க இல்லையாம். பெத்தவங்க வேறயாம். தெருவுக்கு எதிர்லயே இருக்காங்களாம். தினம் பாக்கறாளாம். ஆனா அவங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்களாம்.”

“இதெல்லாம் ஒன் தோழிக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல அக்கா. அதான் கஷ்டமே.”

“அவளுக்கு... என்ன வேணுமாம்?”

ஜிபெக் ஆட்டின் தலைமேல் கொஞ்சம் மணலைத் தூவினாள். “ஊரைவிட்டுப் போறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு தடவை சொல்லிட்டா போதுமாம். கூட வச்சுக்க எல்லாம் வேண்டாமாம். அம்மான்னு கூப்பிடச் சொல்லவும் வேண்டாமாம். சும்மா சொன்னாப் போதுமாம். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டாளாம்.”

அப்போது கதவு படாரென்று திறந்தது. விளையாட்டு ஆசிரியர், கை நிறையப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு. “பனி போச்சு, இனி இதுகளுக்குத் தூக்கம்” என்று சிரித்துக்கொண்டே மூலையில் சாய்த்தார். ஒன்று சரிந்து விழுந்தது. எடுத்து நிறுத்தினார். “ஓ, நாத்தனாரா! அண்ணிகிட்ட என்ன வம்பு?” என்று ஜிபெக்கின் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

பின்னாளில் பெகிமாய் பழியை அவர்மேல் போடப் பார்த்ததுண்டு. ஆனால் அவர் போன பிறகும் நேரம் இருந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. குழந்தை பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தது. பெகிமாயின் நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. அங்கே மாமியாருக்குக் கொடுத்த வாக்கு நின்றது. அதன் பின்னால், சொந்த விஷயத்தை ஆலோசனை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்ற தொழில் விதி நின்றது. அதற்கும் பின்னால் நின்றது வெறும் பயம்: ஏன் குடுத்தீங்க என்று இவள் கேட்டால், படிக்க வேண்டியிருந்தது என்றா சொல்வது? மூன்றில் பார்க்க லட்சணமானது தொழில் விதிதான். அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன் தோழிகிட்டச் சொல்லு” என்றாள். குரல் பெற்றோர் கூட்டக் குரலாக வந்தது. “பெரியவங்க ஒண்ணைச் சொல்லாம இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அன்பு இல்லாம இல்ல. நேரம் வர்றப்ப அவங்களே சொல்லுவாங்க. அதுவரைக்கும் பொறுமையா இருக்கச் சொல்லு.”

ஒரு பிழை கிடையாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அச்சிடலாம்.

ஜிபெக் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அவ்வளவுதானா அக்கா?”

“அவ்வளவுதான்.”

“சரிக்கா. சொல்லிடறேன்.”

ஆட்டைத் தோண்டி எடுத்து, மணலைத் தட்டி, இருந்த இடத்தில் வைத்தாள். மேசையின் மணலை உள்ளங்கையால் ஓரம் வரை சமமாகத் தடவிவிட்டாள். யாரும் வந்து உட்கார்ந்த அடையாளமே இல்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.

ஆகஸ்டில் எர்மெக் தன் வேனில் மெத்தைகளையும் கம்பளங்களையும் ஏற்றினான். கலிபா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கிளம்பு கிளம்பு என்றாள். ஜிபெக் பையன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குட்டு வைத்தாள். பெகிமாயிடம் வந்து, கன்னத்தைக் கன்னத்தில் வைத்து, “வரேன் அண்ணி” என்றாள்.

“போயிட்டு வா, கன்னக்குழி.”

இரவு திரும்பிய எர்மெக் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். “வழியெல்லாம் ஒண்ணும் பேசல” என்றான், சுவரைப் பார்த்தபடி. “அண்ணே, அண்ணேன்னு எப்பவும் உயிரை எடுப்பா.” அவனும் அப்படி வளர்ந்தவன்தான்.

வருஷங்கள் ஓடின. ஜிபெக் பண்டிகைக்குப் பண்டிகை ஃபோன் செய்வாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், அம்மா மருந்து சாப்பிட மாட்டேங்கறாங்க, நீங்க சொல்லுங்க அண்ணி. பெகிமாய் சொல்வாள். இதற்கிடையில் மாவட்டத்தின் சிறந்த ஆலோசகர் என்று அவளுக்குப் பட்டயமும் ஒரு மின்கெண்டியும் கொடுத்தார்கள். மேடையில் பேசச் சொன்னார்கள். குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று பேசினாள். பலத்த கைதட்டல். ஊர்மாத்தின் சித்தியும் கூட்டத்தில் இருந்தாள். அவள்தான் கடைசிவரை தட்டினாள், கேலியாக இல்லை, அது இன்னும் மோசம். மறுநாள் பெகிமாய் கதவிலிருந்த வண்ண எழுத்துகளை உரித்துவிட்டாள். பசை விடவில்லை. வாசகம் இல்லாவிட்டாலும் அதன் தடத்தைத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

ஜிபெக் பல் வைத்தியம் படிக்கச் சேர்ந்தாள். “ஏன் பல்லு?” என்று ஃபோனில் கேட்டதற்கு, “எங்க வலிக்குதுன்னு கேட்டா உடனே வாயைத் திறந்து காட்டிடுவாங்க அண்ணி” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கலிபா கண்ணை மூடினாள். உடலைக் கோச்கோருக்குக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி அதில் கிடத்தினார்கள். ஆண்கள் வெளியே கோலூன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைக் கண்டதும் குரலெடுத்து அழுதார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஜிபெக் கடைசி மகளின் இடத்தில் கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். பெகிமாய் மூத்த மருமகள். குதிரை அறுக்க ஆள், போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரிக்க எண்ணெய், வந்தவர்களுக்குத் தேநீர், எல்லாம் அவள் தலையில்.

நடுவில் ஒருமுறை உள்ளே போனாள், ஜிபெக்கைக் கட்டிக்கொண்டு நாலு ஆறுதல் வார்த்தை சொல்லலாம் என்று. அம்மா செத்துப்போன குழந்தைகளுக்கு அவள் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அது அவள் தொழில். அவளுக்குத் தெரிந்த ஆறுதல்கள் எல்லாமே ‘உங்க அம்மா’ என்றுதான் தொடங்கின. கட்டிக்கொண்டாள், எழுந்து எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கப் போனாள்.

அடக்கம் முடிந்த மாலை. வந்தவர்கள் குறைந்திருந்தார்கள். பெகிமாய் கொல்லையில் கிண்ணங்கள் கழுவ, ஜிபெக் வந்து பக்கத்தில் குந்தித் துடைத்து அடுக்கினாள். தான் கண்ணை மூடும்வரை பொறு என்று அத்தை சொல்லியிருந்தாள். மூடியாயிற்று. வாக்கும் இல்லை, ஆலோசனை அறையும் இல்லை.

“ஜிபெக்” என்றாள் பெகிமாய்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அந்தக் கன்னத்தில் குழி விழுந்தது. “என் பேரு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?”

“நான் ஒண்ணு சொல்லணும்.”

“வேண்டாமே. இன்னிக்கு எங்கம்மாவைப் புதைச்சிருக்கோம். இன்னிக்கே இன்னொருத்தங்களை ஏத்துக்க எனக்குத் தெம்பு இல்ல.” கோபமே இல்லாத குரல். “எனக்கு ஒம்பது வயசுலயே தெரியும். கடைக்காரம்மா ‘அப்படியே உங்கம்மா மூக்கு’ன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. எங்கம்மா மூக்கு சப்பை. நான் வீட்டுக்கு வந்து கண்ணாடியப் பாத்தேன், அப்புறம் உங்களைப் பாத்தேன்.”

“அன்னிக்கு அந்த ரூம்ல... நீ யாரைப் பத்திக் கேக்கறேன்னு எனக்குப் புரிஞ்சுது.”

“உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு எனக்கும் புரிஞ்சுது அண்ணி.”

பெகிமாய் கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினாள்.

“அன்னிக்கு ரொம்ப வேணும்னு இருந்துச்சு” என்றாள் ஜிபெக். “பிஷ்கெக் போயும் கொஞ்ச நாள் இருந்துச்சு. ஃபோன் அடிக்கறப்பல்லாம் இன்னிக்குச் சொல்லுவாங்கன்னு நெனப்பேன். அப்புறம் எப்பன்னு தெரியல, போயிடுச்சு. இப்பத் தேடினாக் கிடைக்கல. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?”

“என்னைத் திட்டேன்.”

“எதுக்கு? நீங்க எங்கிட்டப் பொய் ஒண்ணும் சொல்லலையே. ஆனா ஒண்ணு சொல்லிடறேன்.” கடைசிக் கிண்ணத்தை அடுக்கின்மேல் வைத்தாள். “எனக்குக் கல்யாணம் ஆனா மொதப் பிள்ளையை நான் யாருக்கும் குடுக்கமாட்டேன். மாமியாருக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. வந்து பாருங்க, தூக்கி வச்சுக்குங்க. ஆனா என்னை அம்மான்னுதான் கூப்பிடும்.”

“குடுக்காத” என்றாள் பெகிமாய். அன்று முழுக்க அவள் உருப்படியாகச் சொன்ன ஒரே ஆலோசனை அதுதான்.

தெருவில் வண்டி வந்து நின்றது. தூரத்து உறவு, தாமதமாக வருகிறார்கள். முற்றத்தில் ஆண்கள் மறுபடி கோலெடுத்துக் குரல் கொடுத்தார்கள். ஜிபெக் கையைத் துடைத்துக்கொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “தேத்தண்ணி பாத்துக்குங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள்.

பெகிமாய் கிண்ணங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து, அம்மா, அம்மா என்று அந்தக் குரல் எழுந்தது. பிறந்ததிலிருந்து தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை காதில் விழுந்த குரல், அதே சொல். ஒரு தடவையும் அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்ததில்லை. இப்போதும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றப் போனாள்.